முடிச்சு விழாத கயிறு

காலை 6.10, பதுளை.

பதுளையில் காற்று கிடையாது. சுற்றிவர மலை, நடுவில் குவளையின் அடியில் மிஞ்சிய தேத்தண்ணி மாதிரி ஊர். பஸ் நிலையத்துக்குப் பின்னால், இன்னும் திறக்காத பழக்கடை வாசலில் நின்றபடி, இந்த ஊரில் ஒரு இலை அசைந்து எத்தனை நாள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சிவநேசனின் சின்ன லொறி வந்து நின்றது. பின்பெட்டிக்கு மேலே வளைகம்பி நட்டு, நீலப் படங்கு போர்த்தியிருந்தான். மாடு ஏற்ற வேண்டிய லொறி. போகும்போது காலி.

"ஏறுங்க அக்கா. இன்னைக்கு நீங்கதான் முன் சீட்டு. வரும்போது சொல்ல முடியாது. மாடு ஆசைப்பட்டுச்சுன்னா நீங்க பின்னாலதான்."

சிவநேசன் என் சிநேகிதி பார்வதியின் கொழுந்தன். பார்வதி ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவளும் நானும் பத்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். நான் பதுளைக்கு வந்து ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் சேர்ந்தேன். வருடங்கள் போக அறைகள் மாறின. இப்போது இருப்பது ஏழாவது வாடகை அறை. அவள் தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்தில், அதே கடைசிக் காம்பராவில் இருக்கிறாள்.

ஹாலிஎல ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் இன்னும் நான்கு. லயத்து வாசலில் பார்வதி நீலப் புதுச் சேலை உடுத்தி, தலையில் ஒரு புல்லுக்கட்டோடு நின்றாள். பெண் பார்க்கப் போகிறவள் பூத்தட்டோடு நிற்கிற மாதிரி இருந்தது.

"அண்ணி, மாடு வாங்கப் போற பொரலந்தையில புல்லே இல்லைன்னு நெனச்சீங்களா?" என்றான் சிவநேசன்.

"இது என் புல்லு. போற எடத்துப் புல்லைக் காட்டித்தான் மாட்டக் கூப்பிடணும். ஒனக்கு லொறி மட்டுந்தான் தெரியும்."

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்கள், தீவனப் புல் போட்டுக்கொள்ள. பார்வதிக்குக் கிடைத்தது ஓடையோரச் சரிவு. கல் பொறுக்கி, வரம்பு கட்டி, ஒவ்வொரு தண்டாக அவளே நட்டாள். போன நவம்பரில் அவளுடைய மாடு வயிறு ஊதிச் செத்தது. அதன் பிறகு எட்டு மாதமாகக் கொட்டில் காலி. மாடில்லாதவளுக்குப் புல்லுத் துண்டு எதற்கு என்று பக்கத்து லயத்தில் பேச்சு கிளம்பியது. ஜூன் முடிவதற்குள் கொட்டிலில் மாடு நின்றால் துண்டு அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று தோட்டத்து ஐயா சொல்லிவிட்டார். நாளைக்குக் காலையில் அவர் வந்து பார்ப்பார்.

"துண்டு போனாக்கூடப் பரவால்லடி," என்று லொறியில் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தபடி சொன்னாள். அவள் கண்கள் வெளியே, பனியில் பாதி கரைந்த தேயிலைச் செடிகள் மேல் இருந்தன. "கொட்டில்ல மூச்சுச் சத்தம் இல்லாம தூக்கமே வரமாட்டேங்குது. எட்டு மாசமா அரைத்தூக்கம்."

பிறகு, "இல்ல. துண்டு போனா பரவால்லன்னு சும்மா சொன்னேன். போகக் கூடாது," என்றாள்.

8.30, பண்டாரவளை.

தெமோதரை தாண்டியதிலிருந்து குளிர் ஏறிக்கொண்டே வந்தது. பண்டாரவளை பஜாரில் பால் தேத்தண்ணி நூற்றிருபது ரூபா, உளுந்து வடை எழுபது. குடித்துவிட்டுக் கயிறு வாங்கப் போனோம். கயிறு பதுளையிலும் கிடைக்கும். ஆனால் மாட்டுக்கென்றால் இந்தக் கடைதான் என்று பார்வதி பிடிவாதமாக இருந்தாள்.

கடைக்காரர், ஊரே நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்தார். "மாட்டுக்கா, சாமான் கட்டவா?"

"மாட்டுக்கு நானா. தும்புக் கயிறு. அஞ்சு பாகம்." பார்வதி இரண்டு கையையும் விரித்து ஒரு பாகத்தைக் காட்டினாள்.

அவர் முன்னால் தொங்கிய கயிறுகளைத் தொடவில்லை. உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பாம்பு சுருண்ட மாதிரி தளர்வாகச் சுற்றிவைத்திருந்த ஒரு கயிற்றை இரண்டு கையாலும் எடுத்துவந்தார். "மாட்டுக் கயிற நான் கட்டி வைக்கிறல்ல. ஒரு முடிச்சும் விழல்ல, பாத்துக்கோங்க. மொத முடிச்சு மாட்டுட கழுத்துலதான் விழணும் எண்டு மலையில உள்ளவங்க சொல்லுவாங்க. எனக்குத் தெரியா. கேக்கிற மாதிரி குடுக்கிறது நம்மட கடம." அறுநூற்றைம்பது ரூபா வாங்கிக்கொண்டு, நியூஸ் பேப்பரில் சுற்றி, நூல்கூடக் கட்டாமல் கொடுத்தார்.

பார்வதி அதை வாங்கி என் மடியில் வைத்தாள். "கயிறு ஒன் பொறுப்பு. எனக்குப் புல்லு, ஒனக்குக் கயிறு, இவனுக்கு லொறி."

மடியில் தும்பு வாசம். கடலைப் பார்க்காத மலைக்கு யாரோ கடற்கரைத் தென்னையை முறுக்கி அனுப்பியிருந்தார்கள்.

9.40, ஹப்புத்தளை.

பண்டாரவளையிலிருந்து தியத்தலாவை வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். தியத்தலாவையிலேயே மலைகளின் சட்டை மாறிவிடுகிறது. தேயிலையின் நெருக்கமான பச்சை விலகி, மஞ்சள் கலந்த மானாப்புல் வெளி மேட்டுக்கு மேடு மடிந்து கிடக்கிறது. காற்று அதன் மேல் கையால் தடவிக்கொண்டே போகிறது. ஒரு மேடு வெளுக்கும்போது பக்கத்து மேடு கறுக்கிறது. பெரிய உயிர் ஒன்று படுத்துக்கொண்டு மெதுவாகப் புரள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. நான் எதையோ சொல்ல வாயெடுத்து, மறந்து, மறந்ததையும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஹப்புத்தளையில் காற்று தடவுவதில்லை. அடிக்கிறது. மலைத்தொடர் அங்கே கத்திமுனைபோல் மெலிந்துவிடுகிறது. தெருவின் ஒரு பக்கம் ஊவா மலைகள், மறுபக்கம் தென்திசைச் சமவெளி ஆழத்தில் கிடக்கிறது. சமவெளியில் புறப்பட்ட காற்றெல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வரப் பார்க்கிறது. பார்வதி பொது மலசலகூடத்தைத் தேடிப் போயிருந்தாள். லொறியை ஓரம்கட்டியிருந்தோம். படார் என்று ஒரு சத்தம். படங்கின் ஒரு பக்கம் கம்பியை விட்டுப் பிரிந்து, நீலச் சிறகு ஒன்று லொறியைத் தூக்கிக்கொண்டு பறக்க எத்தனிக்கிற மாதிரி அடித்துக்கொண்டது. உள்ளே இருந்த புல்லுக்கட்டு அவிழ ஆரம்பித்தது. நாலைந்து புல் தாள்கள் தெருவில் ஓடின.

"புல்லு போகுது! அக்கா, அந்தக் கயித்தக் குடுங்க! சீக்கிரம்!"

கொடுத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த நொடியில் புல் பறக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். சிவநேசன் பேப்பரைக் கிழித்து, கயிற்றைக் கம்பியில் போட்டு இழுத்து, இரண்டு முடிச்சு, அதன் மேல் ஒன்று. படங்கு அடங்கியது. காற்று விசிலடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் நானாவின் இரண்டு கைகள் ஞாபகம் வந்தன.

"சிவா, அது மாட்டுக் கயிறு."

அவன் முகமும் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்தான். "மேல போனதும் அவுத்துருவோம். அவுத்துட்டா கயிறு கயிறுதான். நீங்க சொல்லலன்னா நானும் சொல்லல."

பார்வதி வந்தாள். அந்த நேரம் பார்த்து மூட்டம் தெருவை மூடியிருந்ததால் அவள் பின்பக்கம் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, "என்ன ரெண்டு பேரும் பேய் பாத்த மாதிரி?" என்றாள்.

"காத்து," என்றேன்.

11.20, பொரலந்தைக்கு மேலே.

பொரலந்தையில் உருளைக்கிழங்குத் தோட்டங்கள், பச்சைத் தகரக் கூரை போட்ட பால் சேகரிப்பு நிலையம், அதன் முன் வரிசையாகக் கேன்கள். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே. தார் முடிந்து கல், கல் முடிந்து சக்கரத் தடம், தடமும் முடிந்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைக் கல் நட்டிருந்தது. லொறி அதற்கு மேல் போகாது. சிவநேசன் கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, யாரும் பார்க்காதபோது என் பையில் போட்டான்.

பார்வதி புல்லைத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. இதுவரை வழியில் பார்த்தது புல்வெளியின் ஓரங்கள்தான் என்பது அப்போது தெரிந்தது. இது நடு. கண் போகிற வரை மரமில்லை. அங்கங்கே நின்ற யூக்கலிப்டஸ் ஒன்றிரண்டும் ஒரே திசையில் சாய்ந்து, நகரும்போது உறைந்துபோன ஆட்களைப்போல் நின்றன. தூரத்துச் சரிவில் மாடுகள், எல்லாம் காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு. முள்கம்பி வேலி ஒன்று மேட்டின் முதுகில் ஏறி மேகத்துக்குள் போனது. காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளியதால் நடப்பது நடப்பதாகவே தெரியவில்லை. ஒரு கனவில் காலைத் தூக்கினால் போதும், மீதியைக் கனவு பார்த்துக்கொள்ளுமே, அப்படி. என் பையில் இருந்த கயிறு மட்டும் கனத்தது.

மாட்டை விற்கிற முனியாண்டி அண்ணனின் வீடு ஒரு குழிவில் பதுங்கியிருந்தது. தகரக் கூரையின் மேல் வரிசையாகக் கற்கள். அவரும் மனைவி ராஜம்மாவும் முப்பது வருடமாக இங்கே மாடு வளர்க்கிறார்கள். இவர்கள் பேசுவதில் ஒரு தாளம் இருக்கிறது. காற்று வீசும்போது வாயை மூடிக்கொள்கிறார்கள், ஓயும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். வீட்டுக்குள் வந்த பிறகும் அப்படியே.

"வாங்க, வாங்க. சாப்பிட்டுட்டுத்தான்..." காற்று. "...மாடு."

சிவப்பரிசிச் சோறு, கிழங்குக் குழம்பு, கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்த தயிர். கையலம்ப எழுந்தபோது சுவரைப் பார்த்தேன். வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பழைய கயிறு. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

"வித்த மாடுகளோட கயிறு," என்றார் ராஜம்மா அக்கா. "மாடு போகும். கயிறு போகாது. கயிறும் போயிட்டா வீட்டுல என்ன இருக்கு?"

1.15.

மாட்டின் பெயர் சுட்டி. செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஆறு மாதச் சினை. பார்வதி அதன் அருகே போய் நின்றாள். அது அவள் முழங்கையை முகர்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டது. பார்வதியின் கண் நிறைந்ததை நான் பார்த்தேன், காற்று என்று அவள் சொல்வதற்கு முன்பே.

விலை போன வாரமே பேசிப் பணமும் கொடுத்தாகிவிட்டது. கிராம சேவகர் கடிதம், மிருக வைத்தியரின் சான்று, மாடு ஏற்றும் பெர்மிட் எல்லாம் என் பையில். அவற்றைச் சிங்களத்தில் வாசித்துச் சொல்லத்தான் நான் வந்தது. பெர்மிட்டில் தெளிவாக இருந்தது: மாலை ஆறு மணிக்குப் பிறகு மாட்டை ரோட்டில் கொண்டுபோகக் கூடாது.

முனியாண்டி அண்ணன் தன் கயிற்றைச் சுட்டியின் கழுத்திலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். ராஜம்மா அக்கா அதன் வாயிலிருந்து பாதி மென்ற புல்லில் ஒரு கிள்ளு எடுத்துக் கூரை இடுக்கில் செருகினார். அண்ணன் கையை நீட்டினார். "கயிறு?"

நான் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி எங்கோ பார்த்தபடி விரலால் உருவிக்கொண்டே போனார். மூன்றாவது முழத்தில் விரல் நின்றது. பின்வாங்கி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"இதுல முடிச்சு விழுந்திருக்கு."

பார்வதி என்னைப் பார்த்தாள். காற்று வீசியது, நல்லவேளை என்று நினைத்தேன், ஆனால் அது ஓய்ந்துவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஹப்புத்தளையில படங்கு பறந்துச்சுண்ணே. புல்லு போயிரும்னு... நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"கட்டினது நான்," என்றான் சிவநேசன் தரையைப் பார்த்துக்கொண்டு.

"மூணு மணி நேரமா ஒண்ணும் சொல்லாம என் பக்கத்துலயே ஒக்காந்துட்டு வந்திருக்க," என்றாள் பார்வதி. சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருக்கலாம்.

முனியாண்டி அண்ணன் கயிற்றைச் சுருட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபமில்லை. மழை வரும் என்று சொல்கிறவரின் குரல். "மொதல்ல எதைக் கட்டுதோ அதையே நெனச்சுக்கிட்டு இருக்கும் கயிறு. வெறகு கட்டின கயித்துல ஒருதடவ ஒரு மாட்டக் குடுத்தேன். போற வழியிலயே வெறகு மாதிரி உருண்டு பள்ளத்துல கெடந்துச்சு. இது படங்கக் கட்டின கயிறு. பறக்கத்தான் நெனைக்கும். சரிவுத் தோட்டத்துக்குப் போற சினை மாட்ட இதுல கட்டித் தர மாட்டேம்மா. பணத்த வேணும்னா இப்பவே கொண்டுபோங்க. நாளைக்கு வேற கயித்தோட வாங்க, மாட்டத் தர்றேன்."

"நாளைக்குத் துண்டு போயிரும்ணே," என்றாள் பார்வதி.

துண்டின் கதையைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். தலையசைத்தார். ஆனால் கை நீளவில்லை. பண்டாரவளைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வர நான்கு மணி நேரம் ஆகும். பிறகு ஆறு மணிக்குள் தோட்டம் போய்ச் சேர முடியாது. பொரலந்தையில் நைலோன்தான் இருக்கிறது. அதை எடுத்தால் அவர் எங்களையும் வெளியே அனுப்பிவிடுவார்.

ராஜம்மா அக்கா குசினி வாசலில் நின்று தயிர்ச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டு, புருஷனைப் பார்க்காமல் சொன்னார். "நம்ம எல்லை அந்த வெள்ளக் கல்லு வரைக்குந்தானே?"

"அதுக்கென்ன?"

"கல்லுக்கு இந்தப் பக்கம் கட்டக் கூடாதுன்னா கட்டாமக் கூட்டிட்டுப் போகட்டும். கல்லத் தாண்டிட்டா அது அவ மாடு. எதால கட்டினா ஒனக்கென்ன?"

காற்று வந்து, நின்று, போனது. முனியாண்டி அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தார். "கயித்து மேல கைவைக்காம, கம்பு எடுக்காம, மாட்டத் தொடாம. கல்லு வரைக்கும் அதுவா வரணும். திரும்பி எங்கூட்டத்துக்கு வந்துச்சுன்னா அது எனக்குள்ளது. சரியா?"

"அண்ணி, கேட்டீங்களா, ஒன்றரைக் கிலோமீட்டரு," என்று கிசுகிசுத்தான் சிவநேசன். "என் பொண்டாட்டியே என் பின்னால அவ்வளவு தூரம் வரமாட்டா."

பார்வதி புல்லுக்கட்டைத் தலையில் தூக்கினாள்.

1.50.

வரும்போது எங்களைத் தள்ளிய காற்று இப்போது நேரே முகத்தில். பார்வதி முன்னால், நானும் சிவநேசனும் பக்கவாட்டில் இருபதடி தள்ளி. மாட்டின் வழியில் குறுக்கிடாமல் நடக்க வேண்டும் என்று ராஜம்மா அக்கா சொல்லியிருந்தார். சுட்டி வாசலில் நின்றது. பார்வதி திரும்பிப் பார்க்கவில்லை. பத்தடி, இருபதடி, முப்பதடி. காற்று அவள் தலையிலிருந்த புல்லின் மணத்தை உருவிக்கொண்டு போய் மாட்டின் மூக்கில் வைத்தது. ஓடையோரத்து ஈரப் புல். இந்த வறண்ட மேட்டில் வளராத வாசனை. சுட்டி கழுத்தை நீட்டியது. ஒரு கால் எடுத்து வைத்தது.

காலையில் படங்கைப் பிரித்த அதே காற்று.

அந்த நடையை எப்படி எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை. புல் இடுப்புவரை அலையடித்தது. மேகத்தின் நிழல்கள் எங்கள் மேல் ஏறி இறங்கிப் போயின. நீலச் சேலை, பச்சைக் கட்டு, பின்னால் செம்பழுப்பு. மூன்றும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி ஒரே தூரத்தில் நகர்ந்தன, இடையில் ஒன்றுமே இல்லாமல். சத்தம் என்று காற்றின் சத்தம் மட்டும். அதுவும் கொஞ்ச நேரத்தில் சத்தமாகத் தெரியாமல் போய், உலகமே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, நாங்கள் அதன் நெஞ்சின் மேல் நடக்கிறோம் என்று ஆகிவிட்டது. அதுவரை எவ்வளவு நேரம் நடந்திருப்போம்? கடிகாரம் இருபத்தைந்து நிமிடம் என்றது. நான் நம்பவில்லை.

பாதி வழி தாண்டி, வெள்ளைக் கல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சரிவின் மேலிருந்து ஒரு மாடு கத்தியது.

சுட்டி நின்றது. திரும்பியது. அதன் கூட்டம் அங்கே மேட்டின் ஓரத்தில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தூரத்தில் முனியாண்டி அண்ணனும் ராஜம்மா அக்காவும் இரண்டு புள்ளிகள். சுட்டி அந்தப் பக்கம் இரண்டடி வைத்தது. சிவநேசன் குறுக்கே ஓடப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் வரை வந்துவிட்டது, பார்வதி, திரும்பிப் பாரு என்று.

அவள் திரும்பவில்லை. காலடிச் சத்தம் நின்றதை அவள் எப்படி அறிந்தாளோ, நின்றாள். கட்டைத் தலையிலிருந்து இறக்கினாள். மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். மாட்டிடம் அல்ல, என்னிடம், காற்றைத் தாண்டிக் கேட்கிற குரலில், ரேஷன் கடை வரிசையில் நின்று கதைக்கிற மாதிரி.

"கொட்டில் கூரைக்கு ரெண்டு தகரம் மாத்தினேன்டி. தரைக்குக் கல்லுப் பதிச்சேன், கொளம்பு வழுக்காம இருக்க, நானேதான். கணக்குப்பிள்ள ஐயா சிரிச்சாரு. 'மாடே இல்ல, மாட்டுக்குக் கல்லுத் தரையா பார்வதி'ன்னு. சிரிக்கட்டும்னேன். தொட்டியில தண்ணி மாத்துவேன், தினமும். யாரு குடிக்கிறா? காக்கா குடிக்குது. காக்காய்க்குத் தண்ணி மாத்துற மாதிரி ஆயிருச்சு எட்டு மாசமா. இவ வரலன்னா நாளைக்கும் காக்காய்க்குத்தான்..."

கட்டிலிருந்து ஒரு பிடி உருவி, பார்க்காமல் பின்னால் பக்கவாட்டில் நீட்டினாள். கை காற்றில் ஆடியது. பேச்சு நிற்கவில்லை. தகரத்தின் விலை, ஆணியின் விலை, ஏணி பிடிக்க வராத புருஷனின் குணம்.

மேட்டிலிருந்து மறுபடி கத்தல்.

சுட்டி காதை அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாக வைத்துக்கொண்டு நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, பேச்சுச் சத்தம் வந்த பக்கம் நடந்துவந்து, அவள் கையிலிருந்த பிடியை வாங்கி மென்றது. பார்வதியின் குரல் ஒரு சொல்லில் உடைந்தது. ஆனாலும் தகரத்தின் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

2.55, வெள்ளைக் கல்.

கல்லைத் தாண்டிய பிறகுதான் அவள் திரும்பி மாட்டைப் பார்த்தாள். நெற்றிச் சுட்டியில் தன் நெற்றியை வைத்தாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "குடு, அந்தப் பறக்குற கயித்த."

கட்டும்போது சொன்னாள். "தப்பு பண்ணினதுக்குக் கோவமில்ல. புல்லக் காப்பாத்தத்தானே குடுத்த. சொல்லாம வந்தியே, அதுக்குத்தான்."

"தெரியுது."

"தெரியட்டும். பின்னால ஏறு. இன்னைக்கு ஒனக்கு மாட்டு சீட்டுதான்."

லொறியில் ஏற்ற அரை மணி நேரம். படங்கு கட்ட வேறு கயிறில்லாததால் அதை மடித்து, அதன் மேல் நானும் பார்வதியும் மாட்டின் இரு பக்கமும் உட்கார்ந்தோம். ஹப்புத்தளையின் காற்று திறந்த பெட்டிக்குள் வந்தபோது சுட்டியின் விலாவில் ஒட்டிக்கொண்டேன். அடுப்பு மாதிரி இருந்தது. பண்டாரவளையில் பொலிஸ் நிறுத்தினார்கள். பெர்மிட்டைப் பார்த்த அதிகாரி கைக்கடிகாரத்தையும் பார்த்தார். நான்கு ஐம்பது. "ஆறு மணிக்கு முந்தி, சரியா," என்று தமிழில் சொல்லி, மாட்டின் மூக்கைத் தட்டிவிட்டு அனுப்பினார். ஹாலிஎலயில் ஐந்து முப்பத்தேழு. தோட்டப் பாதையில் சிவநேசன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மன்னிச்சுக்கம்மா" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

5.52, கொட்டில்.

சுட்டி கல் பதித்த தரையில் ஒவ்வொரு குளம்பாக வைத்துப் பார்த்து உள்ளே போனது. தொட்டியில் வாய் வைத்து நீளமாக உறிஞ்சியது. பார்வதி கதவுக் கட்டையைப் போட்டுவிட்டு, கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிச் சிவநேசனிடம் எறிந்தாள். "இந்தா, ஒன் படங்கோட கயிறு."

"அப்ப மாட்ட எதால அண்ணி கட்டுவீங்க?"

"வந்தவ கட்டியா வந்தா?"

மறுநாள், ஜூலை ஒன்று, காலை ஒன்பதரைக்கு அவள் போன் வந்தது. ஐயா வந்து பார்த்தாராம், புத்தகத்தில் குறித்துக்கொண்டாராம், துண்டு அவளுக்கே. போகும்போது மட்டும், "மாட்டுக்குக் கயிறு எங்க?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்ன?"

"ஒரு சிநேகிதிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், கொண்டு வருவான்னேன்."

அதன் பிறகு அவள் நேற்றிரவு தூங்கியதைப் பற்றிச் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. முழுத்தூக்கம்.

பண்டாரவளைக்கு மறுபடி பஸ்ஸில் போனேன். நானா என்னைப் பார்த்ததும், "நேத்து வாங்கின கயிறு?" என்றார். "அது வேற எதையோ கட்டிருச்சு நானா," என்றேன். அவர் மேல்தட்டிலிருந்து இன்னொன்றை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம். மேட்டுக் காற்று பின்னால் மெலிந்து, தெமோதரை வளைவுகளில் முற்றாக நின்றுபோனது. பதுளைக்கு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்கு ஏதோ அணைந்துபோகிற மாதிரி இருக்கும். இந்தத் தடவை இல்லை. முனியாண்டி அண்ணன் வீட்டுச் சுவரில் பதினைந்தாவது ஆணி அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் காலி செய்த ஆறு அறைகளிலும் ஒரு துரும்பைக்கூட விட்டுவராமல் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்தவள் நான். அதை இத்தனை நாளும் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

கண்டக்டர் வந்தார். "அக்கா, அந்தப் பொதிய மேல தட்டுல வச்சுக் கட்டிருங்க. பிரேக் அடிச்சா விழும்."

"கட்டக் கூடாது தம்பி."

"அப்படி என்ன சாமான்?"

"கயிறு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். ஹாலிஎல வரும்வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.